பதினாறு வைத்தால் பதினைந்து

எங்கள் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருப்பவரை எல்லோரும் தராசு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். இருபத்தாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் மருந்து வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர். மாத்திரைகளை ஐந்தைந்தாக விரலால் தள்ளி எண்ணிக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். அத்தனை வருடத்தில் ஒரு மாத்திரை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது வேலையை விட்டு வீட்டுக்கு வந்தார்.

வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கேக், பிஸ்கட், ரொட்டி என்று ஆரம்பித்தார். சமையல் மேடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன எடை மெஷின் இருக்கும். யாராவது "ஒரு கப் மாவு, ஒரு கைப்பிடி சர்க்கரை" என்று செய்முறை சொன்னால், "எந்தக் கப்பு? யாரு கை?" என்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

பெரிய விசேஷங்களுக்கு அவர் செய்வதில்லை. அதற்குக் கடைகள் இருக்கின்றன என்பார். அவருடைய விசேஷங்கள் எல்லாம் சின்னச் சின்னது. கீழ்த்தளத்துத் தையல்காரம்மாவின் மகளுக்கு முதல் பல் விழுந்தால் ஒரு தட்டு. மூன்றாம் மாடிக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, காய்ச்சல் விட்டுப் போனால் ஒரு தட்டு. புதிதாகக் குடி வந்தவர்கள் சாமான் இறக்கி முடிக்கும் முன்பே ஒரு தட்டு. குளிர் மாதங்களில் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுவார். வெயில் ஏறினால் எலுமிச்சை. பழுத்துக் கறுத்துப் போன வாழைப்பழம் எந்த மாதமும் வீணாகாது. எந்த பிஸ்கட்டாக இருந்தாலும் தட்டில் வைத்த பிறகு முள்கரண்டியால் நடுவில் ஓர் அழுத்து அழுத்துவார். அந்தக் கரண்டியில் ஒரு பல் வளைந்திருக்கும். ஆகவே மூன்று நேர்க்கோடு, ஒரு சாய்ந்த கோடு.

அவருடைய கணவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சர்க்கரை வியாதிக்காரர். வீடு முழுக்க வெண்ணெய் மணக்க, இவர் கூடத்தில் உட்கார்ந்து உப்பில்லாத பொரியைக் கொறித்துக்கொண்டிருப்பார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்குறாங்க, எனக்கு மூச்சுலயே சர்க்கரை ஏறுது" என்பார்.

போன குளிர்காலத்தின் ஆரம்பத்தில் அக்காவின் பழைய ஓவன் கருகிய வாடையோடு உயிரை விட்டது. அதே வாரம் தையல்காரம்மா மாடியேறி வந்து, தன் வாடிக்கையாளர் ஒருவர் ஓவன் ஒன்றைக் கொடுத்துவிட நினைக்கிறார் என்று சொன்னார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தனி ஆள்.

அக்காவும் கணவரும் போய்ப் பார்த்தார்கள். வெள்ளை ஓவன், கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு சிறு விளக்கு. ஏழு வருடமாகத் தொடாமல் கிடந்ததாம், ஆனால் ஒரு பொட்டுத் தூசி இல்லை. என்ன தரவேண்டும் என்று கேட்டதற்கு மாஸ்டர் கையை அசைத்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போங்கம்மா. பிஸ்கட் செய்வீங்கல்ல?"

"செய்வேன் சார். உங்களுக்கும் கொண்டு வந்து தர்றேன்."

"எனக்கு வேணாம்" என்றார் அவர். பிறகு, அவசரமாகச் சொல்லிவிட்டோமோ என்பதுபோல், "நீங்க செஞ்சா போதும்" என்றார்.

அக்காவுக்கு அது வித்தியாசமாகப் பட்டது. ஆனாலும் தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று வாங்கி வந்துவிட்டார்.

முதல் தட்டு ஆரஞ்சு பிஸ்கட். மைதா இருநூறு கிராம், வெண்ணெய் நூறு, சர்க்கரை எண்பது, ஒரு பழத்தின் தோல். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு. பதினாறு. பதினான்கு நிமிடம் கழித்து மணி அடித்தது. கதவைத் திறந்தார்.

முதலில் முகத்தில் அடித்தது வெண்ணெய் வாசனை இல்லை. கிருமிநாசினி, இருமல் மருந்து, வெயில் படாத போர்வை. இருபத்தாறு வருடம் நுகர்ந்த வாடை, அவருக்கா தெரியாது? ஒரு மூச்சு நேரம்தான். பிறகு ஆரஞ்சு மணம் வந்து அதை மூடிவிட்டது.

தட்டில் பதினைந்து பிஸ்கட் இருந்தது.

இரண்டாவது வரிசையில் மூன்றாவது இடம் காலி. அந்த இடத்தில் பேப்பரில் வட்டமாக வெண்ணெய்க் கறை. பிஸ்கட் இருந்து, வெந்து, யாரோ எடுத்துவிட்டுப் போன தடம்.

"என்னங்க!" என்று கத்தினார்.

கூடத்திலிருந்து வந்த கணவர் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "சத்தியமா நான் இல்ல. கொதிக்கிற ஓவனுக்குள்ள கைய விட்டு எடுக்குற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இருந்தா, உனக்கு எதுக்கு இத்தனை வருஷம் பயந்துட்டு இருக்கேன்?"

"அப்ப காக்காவா தூக்கிட்டுப் போச்சு?"

"பதினஞ்சுதான் வச்சிருப்ப."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று மாலை வரை அக்கா அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் வாழைப்பழ பிஸ்கட். இந்த முறை தட்டை உள்ளே வைக்கும் முன் கணவரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். பதினாறு. இருவரும் ஆளுக்கொரு முக்காலி போட்டுக் கண்ணாடிக் கதவுக்கு முன் உட்கார்ந்தார்கள். மத்தியானம் மூன்று மணி, தெருவில் ஈ காக்கா இல்லை. உள்ளே விளக்கு மஞ்சளாக எரிந்தது. பிஸ்கட்டுகள் மெல்ல உப்பின, ஓரம் சிவந்தது. கண்டக்டர் கண்ணல்லவா, நெரிசலில் டிக்கெட் எடுக்காத ஆளைக் கடைசி சீட்டிலிருந்து பிடிக்கும் கண். இமைக்காமல் பார்த்தார். பதினொன்றாவது நிமிடம் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தது. வாய் வைத்து ஊதினால் படியுமே, அப்படி ஒரு வட்டம். அது கலைந்தபோது மூலையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

இருவரும் எழுந்திருக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார் அக்கா.

"பாத்தேன். ஒரு ஆள் இறங்கிட்டான்" என்றார் கணவர். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது. வேடிக்கையாக வரவில்லை.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே அந்த ஓவனைத் தெருவில் இறக்கி வைத்திருப்பார்கள். அக்காவுக்கும் பயம் இருந்தது உண்மைதான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக அவருக்குள் ஒன்று அரித்தது: கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் அது எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். மாதக் காலண்டரில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் எந்த பிஸ்கட் என்று எழுதி வந்தார். கேக் வைத்தால் முழுசாக வந்தது. ரொட்டி வைத்தால் முழுசாக வந்தது. பிஸ்கட் மட்டும், எந்த இடத்தில் என்று சொல்ல முடியாதபடி, ஒவ்வொரு தட்டிலும் ஒன்று குறைந்தது. குளிர் போய் வெயில் ஏற, ஆரஞ்சு போய் எலுமிச்சை வந்தது. பதினோரு புள்ளிகள் சேர்ந்ததும் அக்கா புடவை மாற்றிக்கொண்டு டிராயிங் மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினார். கூட வருகிறேன் என்ற கணவரை வேண்டாம் என்றுவிட்டார்.

மாஸ்டர் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஆச்சு?"

அக்கா வாசலில் நின்றபடியே "பதினொண்ணு" என்றார்.

மாஸ்டர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தடித்த ஓவிய நோட்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமலே பேசினார்.

ஏழு வருடத்துக்கு முன் அவர் மனைவி படுக்கையில் விழுந்தார். எது கொடுத்தாலும் தொண்டையில் இறங்கவில்லை. நன்றாக இருந்த காலத்தில் பிஸ்கட் செய்வதில் அந்த அம்மாவுக்கு அவ்வளவு ஆசை. அதனால் சமையலறைப் பக்கமே போகாத மாஸ்டர், அந்த வெள்ளை ஓவனில், மனைவி கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, ஒரு நாள் ஆறு பிஸ்கட் செய்தார்.

"ஆறு வச்சேன்மா. ஏழு வந்துச்சு. ஆறு என்னுது, கோணல் மாணலா. ஏழாவது நல்ல வட்டமா, ஆரஞ்சு வாசனையோட. எங்க வீட்டுல அன்னைக்கு ஆரஞ்சே இல்ல."

அவர் பயந்துபோய் அதைக் குப்பையில் போடப் போனாராம். மனைவி கையை நீட்டிவிட்டார்.

"குடுங்கன்னா. நான் வேணாம்னேன். ஒரு கடி கடிச்சுட்டு, 'இது யாரோ ஒரு பொம்பள நிதானமா எடை போட்டுச் செஞ்சது. உங்க கைக்கு இந்தப் பதம் ஜென்மத்துக்கும் வராது'ன்னா. அப்புறம் முழுசும் தின்னா. நாலு நாளைக்கு அப்புறம் அவ வயித்துக்குள்ள போன முதல் ஆகாரம் அதுதான். அதுக்கப்புறம் நான் ஆறு வச்சப்பல்லாம் ஏழு வந்துச்சு."

நோட்டைத் திறந்து நீட்டினார். பக்கத்துக்கு ஒரு பிஸ்கட். பென்சிலால், நிழலும் வெடிப்பும் விடாமல், தேர்ந்த கை வரைந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் மூன்று நேர்க்கோடு, ஒரு சாய்ந்த கோடு.

தராசு அக்கா தன் விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தார். காகிதம் பழுத்திருந்தது. ஓரத்தில் தேதி, ஏழு வருடத்துக்கு முந்தையது. கீழே மாஸ்டரின் சின்ன எழுத்து: 'ஆரஞ்சு. முழுவதும் சாப்பிட்டாள்.' அடுத்த பக்கம், 'வாழைப்பழம். பிடித்தது.' பக்கங்களைப் புரட்டப் புரட்ட அக்காவின் காலண்டர் புள்ளிகள் அதே வரிசையில் வந்துகொண்டிருந்தன. ஒன்பதாவது பக்கத்தில், 'எலுமிச்சை. வாய்ப்புண் எரிகிறது என்று அழுதாள். ஆனாலும் சாப்பிட்டாள்.'

அதைப் படித்ததும் அக்கா நோட்டை மூடிவிட்டார். "எங்க வீட்டுல குறைஞ்சது எல்லாம் இங்க வந்திருக்கு" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னதுபோல் இருந்தது.

"ஆமாம்மா."

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓவனைக் குடுத்தீங்க."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பேன்ட் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில், தையல் மெஷின் மேல் ஒரு தட்டில் அந்தச் சாய்ந்த கோட்டைப் பார்த்திருக்கிறார். யார் செய்தது என்று தையல்காரம்மாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அந்த அம்மாவின் ஓவன் பழுதானால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றும் அவரிடம் கேட்டுவைத்திருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?" அக்காவின் குரல் உயர்ந்தது. பயமா கோபமா என்று அவருக்கே பிடிபடவில்லை. "நான் தெருவுக்கே செஞ்சு குடுக்குறவ. கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா? இப்படியா ஒருத்தியை முட்டாளாக்கி, இருட்டுல வேலை வாங்குறது?"

"சொல்லியிருந்தா ஓவனை வாங்கியிருப்பீங்களா?"

அக்கா மூடிய நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே செய்யலைன்னா?" என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க செஞ்சுட்டீங்கம்மா. அவ சாப்பிட்டுட்டா. எல்லாம் இதுல இருக்கு. மொத்தம் பத்தொம்பது."

அக்கா வீட்டுக்கு வந்து ஓவன் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார். இரண்டு வாரம் அதன் பக்கம் போகவில்லை. கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு சொல்றதப் பாத்தா, நீயே உன் இஷ்டத்துக்குச் செய்யுறதா நினைச்சது எல்லாம் முன்னாடியே போட்டு வச்ச ரூட்டு மாதிரி இருக்கே" என்றார். அதுதான் அக்காவைத் தூங்கவிடாத விஷயம். கை தன்னுடையதுதானா என்று அடிக்கடி விரித்துப் பார்த்துக்கொள்வாராம்.

ஆனால் மூடி வைத்த அந்த இரண்டு வாரமும் நினைப்பு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று மருந்து வாங்கிப் போன ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் வாய்ப்புண்ணோடு நின்றிருப்பார்கள்! வாயைப் புண்ணாக்கும் மாத்திரைகளையும் எண்ணிக் கொடுத்தவருக்கு அந்த வாய் என்ன பாடுபடும் என்று தெரியும். தெரியாத ஒரு பெண், எப்போதோ செத்துப்போனவர், தன் எலுமிச்சையைத் தின்று அழுதிருக்கிறார். இன்னும் எட்டு பாக்கி.

ஒரு மத்தியானம் விரிப்பை உருவி எறிந்தார்.

மஞ்சள் பூசணியை வேகவைத்து, நார் இல்லாமல் வடிகட்டி, வெண்ணெயைக் குறைத்துப் பாலைக் கூட்டினார். புளிப்பு இல்லை. காரம் இல்லை. குமட்டலுக்கு இஞ்சி நல்லதுதான், ஆனால் புண்ணுக்கு ஆகாது, அதனால் அதுவும் இல்லை. சர்க்கரை பாதி. நாக்கில் வைத்தால் கரைய வேண்டும். எந்த ஒன்று போகும் என்று தெரியாததால் பதினாறையும் அப்படியே செய்தாக வேண்டியிருந்தது. மிச்சம் பதினைந்து எங்களுக்கு வந்தது.

"என்னக்கா இது, பல்லு இல்லாதவங்களுக்குச் செஞ்ச மாதிரி இருக்கு?" என்று நானே கேட்டிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. கண்டக்டர் மட்டும் சர்க்கரை கம்மி என்ற சாக்கில் தினம் ஒன்று தின்று, முகம் மலர்ந்து திரிந்தார்.

அடுத்து ஆப்பிள் கூழ், பிறகு பேரீச்சம்பழம், மறுபடி பூசணி. ஒவ்வொரு முறையும் பதினொன்றாவது நிமிடம் கண்ணாடியில் அந்த ஆவி. ஆனால் கதவைத் திறக்கும்போது வரும் வாடை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. பதினேழாவது தட்டின்போது, ஓவனின் உள்ளிருந்து மிகத் தெளிவாக ஒரு கட்டில் கிறீச்சிட்டது. கணவர் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார். அக்கா உட்கார்ந்தே இருந்தார்.

பத்தொன்பதாவது தட்டு ஒரு வியாழக்கிழமை. பூசணிதான். பதினாறு வட்டங்களையும் உருட்டித் தட்டியவர், அவற்றைத் தட்டில் வைக்கும் முன் ஒரு கணம் நின்றார். மாஸ்டரின் நோட்டில் அக்கா பார்த்த படமெல்லாம் மேல்பக்கம்தான். அடிப்பக்கத்தை அவர் வரையவே இல்லை. அங்கே என்ன இருந்தது என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அந்த இடம் மட்டுமாவது தனக்குச் சொந்தம் என்று அக்காவுக்குத் தோன்றியது. ஒரு பல்குச்சியை எடுத்து, மருந்து உறைகளில் இருபத்தாறு வருடம் எழுதியதையே பதினாறின் அடியிலும் கீறினார்: 'தினம் 1'. கீறிய பக்கம் கீழே இருக்க வைத்து, மேலே கரண்டியை அழுத்தி, கதவை மூடினார்.

அன்று ஆவி படியவில்லை. வாடையும் வரவில்லை. தட்டில் பதினைந்து இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வைத்த பதினாறும் பதினாறாகவே வந்தது. அதைப் பார்த்துத்தான் அக்கா அழுதார் என்று கண்டக்டர் என்னிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவர் மாஸ்டரைப் பார்க்கப் போனார். கடைசிப் பக்கத்தை இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். ஒரு பிஸ்கட், அதில் பாதி இல்லை. கடித்த இடத்தின் சொரசொரப்பைக்கூட வரைந்திருந்தார். 'பாதி சாப்பிட்டாள்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"அடியில நான் ஒண்ணு எழுதியிருந்தேன் சார்" என்றார் அக்கா. என்ன எழுதினார் என்றும் சொன்னார்.

மாஸ்டரின் கையிலிருந்து நோட்டு நழுவியது. "அன்னைக்கு அவ பாதி தின்னுட்டுக் கீழ வச்சுட்டா, அப்படியே வரைஞ்சேன். அப்புறம் மீதிய எடுத்துத் திருப்பிப் பாத்தா. பாத்துட்டு சிரிச்சாம்மா. அத்தனை மாசத்துல அதுதான் சிரிப்பு. எதுக்கு சிரிக்கிறன்னு கேட்டேன். மீதியையும் வாயில போட்டுக்கிட்டு, சொல்ல மாட்டேன்னு தலைய ஆட்டினா. ஏழு வருஷமா யோசிச்சிருக்கேன், என்னையப் பாத்துதான் சிரிச்சாளோன்னு." அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "'பாதி'ன்னு எழுதி வச்சுட்டு, முழுசும் தின்னத எழுத மறந்துட்டேன்."

போகும்போது வாசல் வரை வந்தவர், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "ஒரு தடவை நான் வந்து அதுல வச்சுப் பாக்கட்டுமா? ஆறே ஆறு."

அந்த வாரமே வந்தார். மாவைத் தானே பிசைந்தார். அக்கா எடை மெஷினை அவர் பக்கம் நகர்த்தி வைத்ததை அவர் கவனிக்கவே இல்லை, கைக்கு வந்ததை அள்ளிப் போட்டார். ஆறு கோணல் வட்டங்கள். மூவரும் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பதினொன்றாவது நிமிடம் மாஸ்டர் கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். கண்ணாடியில் ஆவி படிந்தது. வெளிப்பக்கம், அவருடைய மூச்சு.

ஆறும் வந்தது. ஒன்றை எடுத்து, சூடு ஆறும் முன்பே கடித்துப் பார்த்தார். "அவ சொன்னது சரிதான். பதமே இல்ல." பிறகு, "அடுத்த வியாழக்கிழமையும் வரலாமாம்மா?"

"வாங்க சார்" என்றார் அக்கா.

இப்போதும் வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவர் எங்கள் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்கும். ஒரு பையில் மாவும் ஆரஞ்சும் கொண்டு வருவார். கண்டக்டர் எல்லோருக்கும் டீ போடுவார். மணி அடித்ததும் அக்கா கதவைத் திறக்க, மூன்று பேரும் குனிந்து தட்டை எண்ணுவார்களாம். யாரும் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வதில்லை.